சீனக்கா சொன்ன அர்த்தம்

சீன மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் ஒரு தோட்டத்துக்கே சீன மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் சீனக்கா.

ரந்தா பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், செம்பனை வரிசைகள் முடிந்து தொழிலாளர்களின் லயத்து வீடுகள் தொடங்கும் முச்சந்தியில் அவருடைய பசியாறும் கடை இருந்தது. தகரக் கூரை, கால் ஆடும் மேசைகள், எப்போதும் சூடாக இருக்கும் ஒரு தோசைக்கல். அடையாள அட்டையில் அவருக்கு இரண்டு அம்மன்களைச் சேர்த்து வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டது கிளினிக்கில் இருந்த தாதி மட்டும்தான். அவர் கூப்பிட்டபோதும் சீனக்கா, யாரோ வேறு ஆள் என்று உட்கார்ந்தே இருந்தாராம்.

முகம் அப்படியே சீன முகம். அந்த முகத்தில் பெரிய குங்குமப் பொட்டு, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடுப்பில் இழுத்துச் செருகிய கைத்தறிச் சேலை. வாயைத் திறந்தால் சுத்தமான தோட்டத்துத் தமிழ். அவர் திட்ட ஆரம்பித்தால் கெட்ட வார்த்தைக்குப் பேர்போன லோரி டிரைவர்களே தலையைக் குனிந்துகொண்டு கோப்பி குடிப்பார்கள். அந்தக் காலத்தில் பிள்ளை இல்லாத பால்மரம் சீவும் தம்பதி ஒன்று, பக்கத்துக் கம்பத்துக் கிராமத்துச் சீனக் குடும்பத்திலிருந்து கைக்குழந்தையாக வாங்கி வளர்த்தது அவரை. இதை அவர் ஒரு சோகக் கதையாகச் சொன்னதே இல்லை. அங்கே பெண் குழந்தைகள் அதிகம், இங்கே ஒன்றுமே இல்லை, பங்கு சரியாகிவிட்டது என்பார்.

ஒருமுறை மாரியம்மன் கோயில் தீமிதியில் அவர் பூக்குழி இறங்கியதை யாரோ படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்கள். "சீன மாதுவின் பக்திப் பரவசம்" என்று போட்டு அரைப் பக்கத்துக்குப் படம். தோட்டமே அந்தப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியது. சீனக்கா பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. அவருடைய அப்பா அந்தக் கோயில் கட்டும்போது சிமெண்டு சுமந்தவர். நான் எப்போது வெளி ஆளாகிப் போனேன் என்று கோயில் தலைவரைப் பார்த்துக் கேட்டார். அடுத்த வருஷமும் சீனக்கா பூக்குழி இறங்கினார். படம் பிடிக்க வந்தவனைக் கரண்டியால் துரத்தியதாகக் கேள்வி.

இப்படிப்பட்டவரிடம்தான் எல்லோரும் சீன எழுத்துக்கு அர்த்தம் கேட்டார்கள். அவர் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தச் சீனப் பள்ளிக்கூட வாசலையும் அவர் மிதித்ததில்லை என்பதும் தெரியும். ஆனாலும் அந்த மொழி அவருடைய ரத்தத்தில் இருக்கும் என்று நாங்கள் உறுதியாக நம்பினோம். நாட்காட்டி, தைல போத்தல், பிஸ்கட் டின் என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரு கண்ணை மூடி, மறுகண்ணால் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

ரந்தாவில் இருந்த சீன மளிகைக் கடை ஒன்றின் முன்வாசலில் சீனப் பெருநாளையொட்டிச் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தோட்டத்து ஆபீஸ் கிராணியின் மனைவி கேட்க, முன்பக்கம் நாய் கட்டியிருக்கிறது, பின்வழியாக வரவும் என்று சீனக்கா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் அந்தக் கடைக்குச் சமையலறை வழியாகவே போனோம். கடைக்காரர் பாவம், நல்ல மனிதர். இந்தியர்களுக்கு அப்படி ஏதோ சம்பிரதாயம் போலிருக்கிறது என்று நினைத்துப் பின்கதவில் ஒரு கால்மிதியும் வாங்கிப் போட்டார்.

வேலையாட்களை மேய்க்கும் மண்டோருக்கு நடந்தது இதைவிடப் பெரியது. சீனக் குத்தகைக்காரர் ஒருவர் அவருக்கு ஒரு மூலிகைப் பொட்டலம் கொடுத்திருந்தார். சீனக்கா முகர்ந்து பார்த்து, இது மூலிகைத் தேத்தண்ணி, இரண்டு வேளையும் குடிக்க வேண்டும் என்றார். பொட்டலத்தின் மேல் ஒரு பாதத்தின் படம் இருப்பதை மண்டோர் பயந்துகொண்டே சுட்டிக்காட்டினார். குடித்தால் கால்வரைக்கும் வேலை செய்யும் என்று அர்த்தம் என்றார் சீனக்கா. மண்டோர் பொட்டலம் தீரும்வரை குடித்தார். முட்டிவலி போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். இப்படி வெற்றிமேல் வெற்றியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மணியத்தின் ஆடுகள் விஷயம் வந்தது.

மணியம் செம்பனைக் குலை வெட்டி வெட்டி இடுப்பு போனவர். வேலையிலிருந்து நின்ற பிறகு லயத்துக்குப் பின்னால் ஆடு வளர்த்தார். அவருக்கு ஒரே சிநேகிதர், பச்சை வேனில் காய்கறி விற்கும் ஆ சோங். தினமும் காலையில் வேனைச் சீனக்கா கடைமுன் நிறுத்திவிட்டு, ஆ சோங்கும் மணியமும் ஒரே மேசையில் உட்கார்ந்து கோப்பி குடிப்பார்கள். மணியத்துக்குத் தெரிந்த மலாய் ஆ சோங்குக்குப் புரியாது, ஆ சோங் பேசுகிற மலாய் யாருக்குமே புரியாது. இருந்தாலும் இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசிச் சிரிப்பார்கள். வேனில் மிஞ்சிய, கோபிஸ் என்று நாங்கள் சொல்லும் முட்டைகோஸ் இலையெல்லாம் ஆடுகளுக்குப் போகும். தீபாவளிக்கு ஆட்டுக்கறி ஆ சோங் வீட்டுக்குப் போகும்.

ஆட்டுக் கொட்டகையின் பின்பக்கப் பலகை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவரே ஆ சோங்தான். காலால் தட்டிக் காட்டி, சரி செய் என்று மணியத்திடம் சைகையில் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம் பார்க்கலாம் என்று மணியம் விட்டுவிட்டார். ஒருநாள் விடியும் முன்னே அந்தச் சந்து வழியாகக் காட்டுநாய்கள் புகுந்துவிட்டன. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கறுப்புக் கிடா போனது. சினையாடுகளும் போயின. உயிரோடு மிஞ்சியவை மூலையில் ஒண்டி நடுங்கிக்கொண்டு நின்றன.

அன்று காலை மணியம் யாரிடமும் பேசாமல் பலகையை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஆ சோங் வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். வேனில் கிடந்த பழைய கம்பியை எடுத்துக் கொடுத்தார். மணியத்தின் தோளைத் தட்டிச் சிரித்த முகமாகச் சீனத்தில் நாலே நாலு சொல் சொன்னார். மணியத்துக்குப் புரியவில்லை. ஆ சோங் ஆட்டையும் கொட்டகையையும் காட்டி, தன்னுடைய மலாயில் விளக்கப் பார்த்தார். அது சரியாக வரவில்லை. வியாபாரத்துக்கு நேரமாகிவிட்டதால் கையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மணியம் நேராகக் கடைக்கு வந்தார். காதில் விழுந்ததைச் சொல்லி, ஆட்டையும் கொட்டகையையும் பற்றி ஏதோ சொன்னான், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சீனக்கா கரண்டியோடு நின்று ஒரு கண்ணை மூடினார். ஆடு போன பிறகு கொட்டகையைப் பற்றி நம் ஆட்கள் ஏதாவது சொன்னால் அது குத்தலாகத்தான் இருக்கும். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

"எல்லாம் போனதுக்கப்புறம் இப்ப யாருக்குலா கட்டுறேன்னு கேக்குறான், மணியம். நக்கல் அடிக்கிறான்."

மணியம் மெல்ல, "அவன் முன்னாடியே சொன்னான்க்கா. நான் கேக்கல. அதான் இப்ப சிரிக்கிறான்" என்றார். கோப்பியைத் தொடாமலே எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான், அப்போது குடியிருந்த பாரோயிலிருந்து வாரக் கடைசியில் தோட்டத்து அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்விப்பட்டேன். மறுநாள் ஆ சோங் வந்தபோது மணியம் முதுகைத் திருப்பிக்கொண்டார். பழைய கம்பியைக் கொண்டுபோய் வேன் படியில் போட்டார். மணியத்தின் பக்கம் நின்ற சில வீட்டுக்காரர்கள் வேனில் காய் வாங்குவதை நிறுத்தினார்கள். ஆ சோங் சில நாள் குழப்பத்தோடு ஹார்ன் அடித்துப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். கோலா பிலா பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவதாகச் சொன்னார்கள்.

அதைவிடக் கவலையான விஷயம், மணியம் அந்தப் பலகையைப் பாதியிலேயே விட்டுவிட்டார். யாருக்காகக் கட்டுவது என்ற அந்தக் கேள்வி அவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. மிச்சம் இருக்கிற ஆடுகளை வியாபாரியிடம் தள்ளிவிடப் போவதாகச் சொன்னார். காலையில் கடைக்கு வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்து கோப்பி குடித்துவிட்டுப் போவார். அந்த மேசையில் வேறு யாரும் உட்கார்வதில்லை. சீனக்காவும் ஆ சோங்கைத் தினம் தவறாமல் திட்டிக்கொண்டிருந்தார். அவர் திட்டத் திட்ட மணியத்தின் பேச்சு இன்னும் குறைந்துகொண்டே போனது.

இப்படி இருக்கும்போது சீனக்கா இனிப்புநீர் வியாதிக்கு மருந்து வாங்கக் கிளினிக்குக்குப் போனார். பக்கத்து நாற்காலியில் ஒரு சீன அம்மாள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இவர் முகத்தைப் பார்த்துச் சீனத்தில் பேச்சுக் கொடுத்திருக்கிறார். இப்படிப் பேச வருபவர்களுக்குச் சீனக்கா தமிழில்தான் பதில் சொல்வது வழக்கம். அவர்கள் திகைத்து எழுந்து போவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு திருப்தி. அன்று ஏனோ மலாயில் பேசினார். பேச்சு எங்கெங்கோ போய் மணியத்தின் ஆட்டுக் கொட்டகைக்கு வந்தது. மணியம் சொன்ன அந்த நாலு சொல்லையும் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்காட்டி, ஆட்டைப் பற்றி இப்படி நக்கல் அடிக்கிற பேச்சு உங்கள் ஆட்களிடம் இருக்கிறதாமே, இது நல்லாவா இருக்கிறது என்று நியாயம் கேட்டிருக்கிறார்.

ஆசிரியை கொஞ்சம் யோசித்துவிட்டு, அது நக்கல் இல்லையே என்றார். அது சீனக் குழந்தைகள் எல்லோரும் படிக்கிற பழைய கதை. ஒருவனுடைய பட்டியில் ஓட்டை விழுந்து ஓர் ஆடு போய்விடுகிறது. அடைத்துவிடு என்று பக்கத்து வீட்டுக்காரன் சொல்கிறான். போனது போய்விட்டது, இனி அடைத்து என்ன என்று அவன் சும்மா இருக்கிறான். மறுநாள் இன்னோர் ஆடும் போகிறது. அப்போதுதான் அவன் ஓட்டையை அடைக்கிறான். அதற்குப் பிறகு ஓர் ஆடும் போகவில்லை. நஷ்டப்பட்டவன் மனசு விட்டுவிடக் கூடாது, இப்போது செய்தாலும் நேரம் இருக்கிறது என்று தைரியம் சொல்லத்தான் அந்த நாலு சொல். வேண்டியவர்களுக்குத்தான் அதைச் சொல்வார்களாம்.

இன்னொன்றும் அந்த ஆசிரியை சொன்னார். வெகு காலத்துக்கு முன்பு ஒரு மந்திரி தன் ராஜாவை எச்சரித்தார். ராஜா கேட்கவில்லை. எதிரிகள் வந்து தலைநகரையே பிடித்துக்கொண்டார்கள். தோற்றுப்போன ராஜா மந்திரியைக் கூப்பிட்டு, இனி என்ன செய்வது என்று கேட்டார். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்ல அந்த மந்திரிக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. இந்த ஆட்டுப் பட்டிப் பேச்சைத்தான் சொன்னார்.

கதையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சீனக்கா கேட்டாராம். ஆசிரியை சொல்லிவிட்டு, நீங்கள் சீனர்தானே, இது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். சீனக்கா மருந்து வாங்காமலே பஸ் ஏறி வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் இருந்தேன். பசியாறும் நேரம், எல்லா மேசையிலும் ஆள். சீனக்கா திடீரென்று அடுப்பை அணைத்தார். அந்த நேரத்தில் அவர் அடுப்பை அணைத்தால் தோட்டத்தில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். எல்லோரும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தோம். அவர் மணியத்துக்கு எதிரே போய் உட்கார்ந்து, ஆசிரியை சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

மணியம் நம்பவில்லை. சமாதானம் செய்துவைப்பதற்காகக் கதையை மாற்றுகிறீர்கள் என்றார். உங்களுக்குத் தெரியாத சீனமா, அன்றைக்குச் சொன்னதுதான் நிஜம் என்றார்.

நான் சீனக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தது.

"எனக்குச் சீனம் தெரியாது, மணியம்" என்றார். "ஒரு எழுத்துகூட தெரியாது. மூஞ்சி மட்டும்தான். எல்லாரும் மூஞ்சியப் பாத்து நம்பிக் கேட்டீங்க. தெரியாதுன்னு சொன்னா நான் யாருன்னே தெரியாமப் போயிடும்னு பயம். அதனால வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

ஒவ்வொருவரும் அவரவர் வாழ்க்கையில் சீனக்கா சொன்ன அர்த்தங்களை எல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிராணியின் மனைவி எதையோ நினைத்துக்கொண்டு வாயில் கை வைத்தார். மூலையிலிருந்து மண்டோரின் குரல் கேட்டது.

"அப்ப நான் குடிச்சது என்னாக்கா?"

"சத்தியமா தெரியல மண்டோர்."

மண்டோர் முட்டியை மெதுவாகத் தடவிப் பார்த்தார். எதுவாக இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது, இன்னொரு பொட்டலம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அதோடு கடையே சிரித்துவிட்டது. சீனக்கா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை அப்படி நான் அதுவரை பார்த்ததில்லை.

மணியமும் சிரிக்கவில்லை. அவருக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"அந்த மந்திரி முன்னாடியே சொன்னவருதானே?"

"ஆமா."

"அப்புறமும் திட்டலியா?"

"திட்டலியாம்."

மணியம் மீதிக் கோப்பியைக் குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, காடி கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டார்.

மூன்று பேரும் என் காரில் கோலா பிலா பாதையில் போனோம். முன்சீட்டில் மணியம் உட்கார்ந்தார். பின்சீட்டில் சீனக்கா, எங்கெல்லாம் பச்சை வேன் தெரிந்ததோ அங்கெல்லாம் நிறுத்தச் சொன்னார். ஐஸ்கிரீம் வேன், பள்ளிக்கூட வேன் எல்லாவற்றையும் சோதித்த பிறகு, ஒரு தோட்டத்து வாசலில் ஆ சோங் நின்றுகொண்டிருந்தார்.

மணியம் இறங்குவதைப் பார்த்ததும் அவர் தராசைக் கீழே வைத்தார். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னே வேனின் பின்பக்கம் போய், கோபிஸ் மூட்டைக்கு அடியிலிருந்து கம்பிச் சுருள் ஒன்றை இழுத்து வந்தார். பளபளவென்று புதுச் சுருள். அன்று துருப்பிடித்த கம்பியைக் கொடுத்ததால்தான் மணியத்துக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். என்றைக்காவது பார்த்தால் கொடுக்கலாம் என்று புதிதாக வாங்கி, இத்தனை நாளும் வேனிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

சீனக்கா நடுவில் புகுந்து, தப்பு தன்னுடையது என்று மலாயில் சொன்னார். சொன்னது போதாது என்று இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். ஆ சோங்குக்கு அது புரியவில்லை. வயதானவருக்கு ஏதோ தலைசுற்றல் என்று பதறி, முக்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

மணியம் கம்பிச் சுருளை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு ஆ சோங்கின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. ஆ சோங்குக்குக் கண் கலங்கிவிட்டது. சீனத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அவர் முடித்ததும் பழக்கத்தில் நானும் மணியமும் ஒரே நேரத்தில் சீனக்காவைத் திரும்பிப் பார்த்தோம்.

சீனக்கா ஒரு கண்ணை மூடினார். பிறகு திறந்துகொண்டார்.

"தெரியாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நல்ல வார்த்தையாத்தான் இருக்கும்லா" என்றார்.

அன்று சாயந்திரமே ஆ சோங் வேனோடு வந்துவிட்டார். அவர் பலகையைப் பிடிக்க, மணியம் ஆணி அடித்தார். சீனக்கா பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு பேருக்கும் வேலை தெரியவில்லை என்று திட்டினார். ஆடு வியாபாரி வந்தபோது மணியம் கோப்பி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த மாரிக்குள் கொட்டகை நிறையக் குட்டிகள்.

இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். ஆ சோங் சொன்ன நாலு சொல்லும் அதே நாலு சொல்தான். அதை நக்கல் என்று கேட்டபோது மணியத்தின் கையிலிருந்து சுத்தியல் விழுந்தது. தைரியம் என்று கேட்டபோது திரும்ப எடுத்தார். ஒரு பேச்சுக்கு அர்த்தம் எது என்பது, அதைச் சொன்னவன் நம் மேல் வைத்த பிரியத்தை நாம் நம்புகிறோமா இல்லையா என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது. அதைவிட எனக்கு ஆச்சரியம் சீனக்காதான். ஆயுள் முழுக்கச் சேர்த்த மரியாதையைக் கூட்டத்துக்கு நடுவே கீழே போட்டுவிட்டு, மறுநாள் காலை எதுவுமே நடக்காததுபோல அடுப்பைப் பற்றவைத்தார்.

இப்போது அந்த லயம் இல்லை. எல்லோரும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். சீனக்காவும் வீட்டு முன்கூடத்தில் மேசை போட்டு அப்பம் சுட்டு விற்கிறார். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். கடைசியாக அவரைப் பார்த்த பிறகு நன்றாகவே பெருத்துவிட்டேன், சட்டையின் கீழ்ப் பொத்தான் போட்டால் மூச்சு முட்டுகிறது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, அவர் போட்ட அப்பத்தையெல்லாம் சாப்பிட்டேன்.